பட்டுக்கு வைக்கிற சூடு

என் பெரியப்பாவின் வலது காலில் நான்கு விரல்கள்தான். ஐந்தாவதைப் பற்றி யாராவது கேட்டால், "அதுக்கு ஓய்வு கொடுத்தாச்சு" என்பார். கேட்டவர் உடனே சிரித்துவிட வேண்டும். சிரிக்காவிட்டால், காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொல்வார்.

தெருவில் அவருக்கு மடிப்பு என்று பெயர். இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் ஒரு நீள மேசை, மேசையின் மேல் நான்காக மடித்த கம்பளி, அதற்கு மேல் வெள்ளைத் துணி, கையை முறித்துவிடும் கனத்தில் ஒரு பழைய மின்சாரப் பெட்டி, சுவரோரம் ஒரு கம்பி, கம்பி முழுக்கச் சட்டைகள். சட்டைகளுக்கும் மேசைக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க மிச்சமிருக்கும் இடத்தில் அவர் முப்பத்தொரு வருடமாக நின்றுகொண்டிருக்கிறார். உட்கார்ந்து தேய்ப்பவர்களை அவர் தொழில்காரர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வலது காலை முன்னால் ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் அந்தக் கால் வழியாகப் பெட்டிக்குக் கொடுத்து, ஒரே இழுப்பு. "மடிப்பு கையில இல்ல, கால்ல இருக்கு" என்பது அவருடைய தத்துவம்.

இது அந்தக் காலைப் பற்றிய கதை.

அவர் தேய்த்த பேன்ட்டின் மடிப்பில் விரலை வைத்தால் விரல் துண்டாகிவிடும் என்று பக்கத்துக் கடைச் சாவிக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வது வழக்கம். பெரியப்பாவின் விரல் நிஜமாகவே போனபோது, அந்த மாதம் முழுக்க இந்த வசனத்தை நிறுத்தி வைத்திருந்தார். அவ்வளவு நாகரிகம் தெரிந்தவர்.

விரல் போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவுக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை. கடைசி ஏழெட்டு வருடத்தில் பாதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சி குறைந்து மரத்துப்போய்விட்டன. அவர் அதை நோயாக எடுத்துக்கொள்ளவில்லை, வசதியாக எடுத்துக்கொண்டார். "ஒன்பது மணி நேரம் நிக்கிறேன், கால் வலின்னா என்னன்னே தெரியல. உங்களுக்கெல்லாம் வலிக்குதா? பாவம், டாக்டரைப் பாருங்க" என்று மற்றவர்களுக்கு ஆறுதல் சொன்னார். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு சட்டையின் மூன்றாவது பொத்தான் காணாமல் போனது. வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று கடையைத் தலைகீழாக்கினார். கம்பளியை உதறினார். பெரியம்மாவின் பொத்தான் டப்பாவைத் தரையில் கொட்டினார். சாவிக்காரரின் கடைக்குள் போய் அவருடைய பெட்டிகளையும் கிளறினார். இரண்டு நாள் தேடிக் களைத்து மூன்றாம் நாள் ஷூவைக் கழற்றி உதறியபோது பொத்தான் கீழே விழுந்தது. இரண்டு நாளும் அதன்மேல் நின்றுகொண்டேதான் அதைத் தேடியிருக்கிறார்.

பொத்தானைக் கழுவி வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டார். அது அழுத்திப் புண்ணாக்கிய விரலைத்தான் ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒன்றரை வருடம் கழித்து அதே காலில், பெருவிரலுக்கு அடியில் இன்னொரு புண். அது மூட ஏழு மாதம் ஆனது. தோல் மூடிய அன்று அறுவை மருத்துவர் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இதே இடத்துல இன்னொரு தடவை வந்துச்சுன்னா எலும்பு தாங்காது. பாதத்துல முன்பாதியை எடுக்க வேண்டியிருக்கும்." அரைப் பாதத்தை ஊன்றிப் பெட்டியைத் தள்ள முடியாது என்று பெரியப்பாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வரும் வழியெல்லாம் அவர் வாயே திறக்கவில்லை என்று பெரியம்மா சொன்னார். தெருமுனை வந்ததும் திறந்துவிட்டது.

"ஆறிடுச்சு!"

சாவிக்காரரிடம் சொன்னார். சட்டை வாங்க வந்தவர்களிடம் சொன்னார். வழி கேட்க வந்த ஒருவரிடமும் சொன்னார். அவர் பாவம், வாழ்த்துச் சொல்லிவிட்டு வழி கேட்க மறந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் அவரை ஒரு சின்ன அறைக்கு அனுப்பினார்கள். ஒரு நாற்காலி, ஒரு முக்காலி, ஒரு விளக்கு, சுவரில் பாதத்தின் படம். பெரியம்மாவும் கூடப் போயிருந்தார்.

"இங்க யாரைப் பாக்கணும்?" என்று வாசலில் இருந்தவரிடம் பெரியப்பா கேட்டார்.

"கால் நர்ஸை."

"கால் நர்ஸா? அப்ப மீதி முக்கால் எங்க?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "முக்கால்வாசிப் பேரு கால் போனதுக்கு அப்புறம்தான் இங்க வர்றாங்க ஐயா. நீங்க சீக்கிரமே வந்துட்டீங்க. உட்காருங்க."

பெரியப்பாவின் நகைச்சுவைக்கு வாழ்க்கையில் முதல் முறையாகப் பதிலடி கிடைத்தது. உட்கார்ந்தார்.

"புண்ணு எப்படி இருக்கு?"

"ஆறிடுச்சு சிஸ்டர்."

"அந்த வார்த்தை இந்த ரூம்ல வேணாம். ஆறியிருக்குன்னு சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாகும்? ஆறிடுச்சுன்னா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஆறியிருக்குன்னா, இன்னைக்கு ஆறியிருக்கு, நாளைக்கும் பாக்கணும்னு அர்த்தம். உங்களை மாதிரி ஆறினவங்கள்ல பத்துக்கு நாலு பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள மறுபடி வந்துடுது."

பள்ளிக்கூடத்தில் வினைமுற்று பற்றி எத்தனையோ வகுப்பு நடந்திருக்கிறது. ஒரு வினைமுற்று தவறினால் பாதம் போகும் என்று ஒருவரும் சொன்னதில்லை. பெரியப்பாவும் இதை இலக்கணமாக எடுத்துக்கொள்ளவில்லை, கணக்காக எடுத்துக்கொண்டார்.

"பத்துல நாலு போனா மீதி ஆறு. நான் அந்த ஆறுல இருக்கேன். ஆறிடுச்சுங்கிற வார்த்தையிலயே ஆறு இருக்கு பாருங்க."

நர்ஸ் எழுந்து ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார். அதைப் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்துவார், கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் ஆமா என்று சொல்ல வேண்டும். பெரியப்பா கண்ணை மூடினார். "ஆமா." கொஞ்சம் பொறுத்து, "ஆமா." மறுபடி, "ஆமா." பத்துக்குப் பத்து. பெரியம்மாவுக்கே ஆச்சரியம். நர்ஸ் இழையை மேசையில் வைத்துவிட்டு, உட்கார்ந்திருந்த முக்காலியில் சும்மா ஒரு தடவை அசைந்தார். முக்காலி கீச்சென்றது.

"ஆமா" என்றார் பெரியப்பா.

நர்ஸ் மறுபடி அசைந்தார். கீச்.

"ஆமா."

"கண்ணைத் திறங்க ஐயா. உங்க காது ரொம்ப நல்லா இருக்கு. கால்தான் சரியில்ல."

அன்றைக்கு அவருடைய பாதத்தின் அச்சை எடுத்தார்கள். மூன்று வாரத்தில் செருப்பு தயாரானது. குதிகாலில் பட்டை வைத்து, முன்பக்கம் மூடி, பார்க்க ஒரு சின்னப் படகு மாதிரி இருந்தது. உள்ளே தடிமனான ஒரு மெத்தை. அந்த மெத்தையில்தான் விஷயம் இருந்தது. பெருவிரலுக்கு அடியில் ஒரு குழி, அதற்குப் பின்னால் ஒரு மேடு. உடம்பின் பாரம் பழைய புண் இருந்த இடத்தில் இறங்காமல் மேட்டில் இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. நர்ஸ் இதையெல்லாம் படம் போட்டு, கை வைத்துக் காட்டி, நிதானமாக விளக்கினார். பெரியப்பா கவனமாகத் தலையாட்டினார். ஆனால் அவர் கவனித்தது நர்ஸுடைய மேலங்கியின் காலரை. காலரின் இடது முனை சரியாகத் தேய்க்கப்படாமல் மேலே சுருண்டிருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இப்படியா என்று அவருக்கு மனசு ஆறவில்லை.

விளக்கத்தின் கடைசிப் பகுதி பெரியம்மாவுக்கு. பெரியம்மா கேட்டார், கேட்டதை மனதில் வைத்துக்கொண்டார். கடையில் எந்தச் சட்டை யாருடையது என்று சீட்டு குத்தி வைப்பவர் அவர்தான், எதையும் மாற்றிக் கொடுத்துப் பழக்கமில்லை. நர்ஸ் அவர் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு சின்ன வெப்பமானியைக் கொடுத்தார்.

"அம்மா, காலைல அவர் எழுந்து நடக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பாதத்தையும் பாருங்க. ரெண்டுலயும் ஒரே இடத்துல வெச்சு அழுத்துங்க. வலதுக்கும் இடதுக்கும் ரெண்டு டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்து, அது ரெண்டு நாள் தொடர்ந்து இருந்துச்சுன்னா, தோல் பாக்க நல்லா இருந்தாலும் நம்பாதீங்க. உள்ள சூடா இருக்குன்னா உள்ள ஏதோ நடக்குது. அவரை நடக்க விடாம எனக்கு ஃபோன் பண்ணுங்க."

"அப்போ சூடு ஆறினாத்தான் புண்ணு ஆறின மாதிரியா?"

"அவ்வளவுதான்மா. நீங்க புரிஞ்சுக்கிட்டீங்க" என்ற நர்ஸ், பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா காலரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் புதிய ஒழுங்கு வந்தது. காலையில் பெரியப்பா கட்டிலில் காலை நீட்டிக்கொள்வார், பெரியம்மா சுடுவார். தரையில் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. குளியலறைக்கும் செருப்பு. விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். காலின் அடியைப் பார்க்க மேசையடியில் ஒரு கண்ணாடி. செருப்பைப் போடுமுன் உள்ளே கையை விட்டுத் துழாவ வேண்டும். இதில் கடைசி விதியை மட்டும் பெரியப்பா உயிராக மதித்தார், பொத்தானை அவர் மறக்கவில்லை. மற்றவற்றை, பெரியம்மா பார்க்கும்போது மதித்தார்.

வெப்ப எண்களை எழுதத் தனி நோட்டு எதற்கு என்று பெரியம்மா கடைச் சீட்டுகளிலேயே எழுதி, கம்பியின் ஓரத்தில் குத்தி வைத்தார். அதனால் ஒரு விபரீதம் நடந்தது. ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்க்கும் ஒருவர், மடிப்பு ஒரு நூல் விலகினாலும் திருப்பிக் கொண்டுவருபவர், ஒருநாள் தன் கறுப்பு பேன்ட்டோடு வந்து நின்றார்.

"மடிப்பு, என் பேன்ட்டுக்கு என்ன ஆச்சு?"

"ஏன், மடிப்பு சரியில்லையா?"

"மடிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா சீட்டுல 'வலது பெருவிரல் இருபத்தொன்பது புள்ளி எட்டு'ன்னு போட்டிருக்கே. பேன்ட்டுக்குக் காய்ச்சலா?"

கூச்சம் பெரியம்மாவுக்கு, சிரிப்பு சாவிக்காரருக்கு. பெரியப்பாவுக்கு மட்டும் பெருமை. "வித்தியாசம் அரை டிகிரி கூட இல்ல பாருங்க. ஆறிடுச்சு" என்று சீட்டைக் காட்டினார்.

நான்கு மாதம் இப்படி ஓடியது. அரை டிகிரி, அரை டிகிரிக்கும் கீழே. பெரியப்பா தன்னை ஆறு பேரில் ஒருவராகவே வைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு மழைநாள் மதியம் வந்தது. துணி போட ஆள் வரவில்லை. பெரியம்மா தேய்த்த துணிகளைக் கொடுத்துவர ஒரு வீட்டுக்குப் போயிருந்தார். பெட்டி சூடாக இருந்தது, செய்ய வேலை இல்லை. வேலை இல்லாத பெரியப்பாவும் சூடான பெட்டியும் ஒரே அறையில் இருப்பது எப்போதுமே நல்லதல்ல. முன்பு ஒரு முறை நாள்காட்டியைத் தேய்த்திருக்கிறார்.

அன்று கழற்றிய செருப்பை மறுபடி போடுமுன், கடமை தவறாமல் உள்ளே கையை விட்டுத் துழாவினார். பொத்தான் இல்லை. ஆனால் நான்கு மாதமாக அவசரத்தில் கை தாண்டிப் போன ஒரு மேடு தட்டுப்பட்டது. மேட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம். மெத்தையை வெளியே உருவி வெளிச்சத்தில் பார்த்தார். முப்பத்தொரு வருடமாக மேடுபள்ளத்தை ஒழிப்பதற்கென்றே வாழ்ந்த மனிதர். அவர் முகம் சுருங்கியது. மெத்தையை மேசையில் வைத்து, மேலே ஈரத்துணி விரித்து, பெட்டியின் திருகைத் திருப்பினார்.

சாவிக்காரர் வாசலில் வந்து நின்றார். "என்னண்ணே, செருப்பையும் தேய்க்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

"செஞ்சவன் அரைகுறையா செஞ்சு கொடுத்திருக்கான்பா. பாரு, இங்க மேடு, இங்க பள்ளம். இந்த லட்சணத்துல ஒரு சட்டையை நான் கொடுத்தா மூஞ்சியில விட்டெறிவாங்க."

"கருகிடப் போகுது."

"யாருகிட்ட சொல்ற? பட்டுக்கு வைக்கிற சூடு. பட்டே கருகல, இது கருகுமா?"

சாவிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார். "அப்படியே இதுல இருக்கிற பள்ளத்தையும் தேச்சு விட்டுடுங்கண்ணே. பூட்டு இன்னும் நல்லாத் திறக்கும்."

பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சாவிக்காரர் கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனாலும் அன்று அந்தக் கடையில் யாராவது ஒரு மருத்துவ உண்மையைச் சொன்னார்கள் என்றால் அது அந்தக் கிண்டல் ஒன்றுதான்.

மெத்தை பலகைபோலத் தட்டையாகி வந்தது. ஒரு சுருக்கம் இல்லை. கருகவும் இல்லை. சொன்னது சொன்னபடி. அதைச் செருப்புக்குள் போட்டு, காலை நுழைத்து, அடுத்த ஆறு நாளும் ஒன்பது ஒன்பது மணி நேரம் அதன்மேல் ஊன்றி நின்றார். வலித்திருந்தால் யாரும் அப்படி நிற்க மாட்டார்கள். வலிக்கத்தான் அவருக்கு வழியில்லையே.

முதலில் ஒன்றரை டிகிரி. பெரியம்மா புருவத்தை உயர்த்தினார். அடுத்த நாள் காலை வெப்பமானியை இரண்டு முறை அழுத்தினார்.

"வலது முப்பத்திரண்டு புள்ளி ஒண்ணு. இடது இருபத்தொன்பது புள்ளி ஆறு. என்னங்க, ரெண்டரை வித்தியாசம்."

"மெஷின் மக்கர் பண்ணுது."

அடுத்த நாள் ஏறக்குறைய மூன்று.

"மெஷின் கெட்டே போச்சு" என்றார் பெரியப்பா. புறங்கையை வலது பாதத்தின் அடியில் வைத்துப் பார்த்தார். "இதுவா சூடு? ஜில்லுனு இருக்கு. முப்பத்தொரு வருஷம் சூட்டோட குடும்பம் நடத்தினவன் நான். என் கைக்குத் தெரியாத சூடு அந்தப் பொம்மைத் துப்பாக்கிக்குத் தெரியுதா?"

"பெட்டியைத் தொட்ட கைக்கு எது வெச்சாலும் ஜில்லுனுதான் இருக்கும்."

"தோலைப் பாரு. கீறல் இருக்கா? ஆறிடுச்சுன்னா ஆறிடுச்சுதான்."

பெரியம்மா வாதாடவில்லை. தன் இரண்டு பாதங்களிலும் வெப்பமானியை வைத்து அழுத்தினார், இரண்டும் ஒரே எண். வெப்பமானிக்கு ஒன்றுமில்லை. பிறகு கடைக்குப் போய், பெட்டியின் வயரைக் கழற்றிச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, நர்ஸுக்கு ஃபோன் செய்தார். வயர் இல்லாத இஸ்திரிக்காரர் என்ன செய்ய முடியும்? அதே மதியம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். "ஒண்ணுமில்லன்னு சொல்லப் போறாங்க. வீண் அலைச்சல்" என்று வண்டி ஓட்டுபவரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

நர்ஸ் விளக்கைக் கீழே இழுத்துப் பாதத்தைப் பார்த்தார். பெருவிரலுக்கு அடியில் தோல் காய்த்துத் தடித்திருந்தது. அந்தக் காய்ப்புக்கு நடுவில், உள்ளே, ஒரு கறுப்புப் புள்ளி.

"இது என்ன தெரியுதா ஐயா? ரத்தம். தோலுக்கு அடியில நசுங்கி நிக்குது. இன்னும் ரெண்டு மூணு நாள் இதுமேல நின்னிருந்தீங்கன்னா உடைஞ்சு வெளிய வந்திருக்கும்."

பெரியப்பா முதல் முறையாகக் காலரை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தார்.

நர்ஸ் சின்னக் கத்தியால் காய்ப்பை மெல்ல மெல்லச் சீவினார். காகிதம் உரிவதுபோல அடுக்கடுக்காக வந்தது. கடைசி அடுக்குக்குக் கீழே தோல் மெலிந்து, இளஞ்சிவப்பாக, ஆனால் மூடியே இருந்தது. பெரியம்மா மூச்சு விட்டார். நர்ஸ் கையைத் துடைத்துவிட்டுச் செருப்பை எடுத்து, உள்ளே கட்டைவிரலை ஓட்டினார். ஒரு முறை ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார்.

"இதுல ஒரு குழி இருந்துச்சே?"

"அதை நான் சரி பண்ணிட்டேன் சிஸ்டர்."

"சரி பண்ணிட்டீங்களா?"

"தேச்சுட்டேன். பட்டுக்கு வைக்கிற சூடுதான். ஒரு சுருக்கம் இல்ல பாருங்க."

பெரியம்மா மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். முப்பது வருடத் திருமணத்தில் அப்படி ஒரு பார்வை அதற்கு முன் வந்ததில்லை என்று பெரியப்பாவே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

"ஐயா" என்றார் நர்ஸ். "உங்க கால் அச்சை வெச்சு அந்தக் குழியைச் செதுக்க எங்க ஆளு நாலு நாள் உட்கார்ந்தாரு."

"அது வேணும்னே வெச்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். படம் போட்டுச் சொன்னேன். நீங்க என் காலரைப் பாத்துட்டிருந்தீங்க."

"அது... தேச்சது சரியில்ல சிஸ்டர்."

"என் காலர் சுருண்டா எனக்கு ஒண்ணும் ஆகாது. உங்க மெத்தை தட்டையானா உங்களுக்குப் பாதி பாதம் போகும்."

புதிய மெத்தை வரும்வரை மூன்று வாரம் முழங்கால் வரைக்கும் ஒரு பெரிய பூட். அதில் மூன்று ஒட்டுப் பட்டைகள். தூங்கும்போது தவிர கழற்றக் கூடாது, அவசியமில்லாமல் நடக்கக் கூடாது, நிற்கவே கூடாது. "வேலை செஞ்சே ஆகணும்னா உட்கார்ந்து செய்ங்க" என்று நர்ஸ் சொன்னபோது, பெரியப்பா கெட்ட வார்த்தையால் திட்டப்பட்டவர்போல நிமிர்ந்து பார்த்தார்.

அவர் உட்கார்ந்து தேய்க்கவில்லை. உட்கார்ந்தார், அவ்வளவுதான். பெட்டியைப் பெரியம்மா எடுத்துக்கொண்டார். மூலையில் ஒரு நாற்காலி, எதிரில் ஒரு முக்காலி, முக்காலியின் மேல் பூட், நாற்காலியில் மடிப்பு. வாய்க்கு மட்டும் பட்டை எதுவும் கொடுத்தனுப்பவில்லை.

"கையை முதல்ல தேய். இல்ல, காலர். காலர்தான் முதல்ல. தண்ணி போதும். துணி தேய்க்கிறியா, செடிக்கு ஊத்துறியா?"

"நீங்க செருப்பு தேச்ச கதையை வர்றவங்ககிட்ட சொல்லட்டுமா?"

ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும், "கையை..."

இரண்டாவது வாரத்தின் முடிவில் ஒருநாள் ஹோட்டல் வரவேற்பாளரின் கறுப்பு பேன்ட் மேசைக்கு வந்தது. மாலை அவர் வேலைக்குப் போகும் வழியில் வாங்கிக்கொள்வார். பெரியம்மா தேய்த்து மடித்து வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பக் குழாயடிக்குப் போனார். நாற்காலியிலிருந்தே பெரியப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. இடது காலில் ரெட்டை மடிப்பு. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, மெல்லிய இரண்டு கோடுகள். அந்தக் கடையிலிருந்து ரெட்டை மடிப்போடு ஒரு துணியும் வெளியே போனதில்லை.

பெட்டி சூடாக இருந்தது. ஈரத்துணி பக்கத்திலேயே கிடந்தது. ஒரே இழுப்பு போதும். ஆனால் காலில் மாட்டியிருந்த பூட்டின் அடிப்பாகம் தொட்டில்போல வளைந்திருந்தது, அதில் ஊன்ற முடியாது. ஊன்ற வேண்டுமானால் கழற்ற வேண்டும்.

பெரியப்பா முதல் பட்டையைப் பிரித்தார். பர்ரென்று சத்தம் வந்தது.

"என்னண்ணே கிழியுது?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சாவிக்காரர் கேட்டார்.

பெரியப்பா இரண்டாவது பட்டையைப் பிரித்தார். மூன்றாவதில் கை வைத்தபோது, கம்பியின் ஓரத்தில் பெரியம்மா குத்தியிருந்த அன்றைய சீட்டு கண்ணில் பட்டது. வலது முப்பத்தொன்று, இடது இருபத்தொன்பதரை. வித்தியாசம் ஒன்றரை. குறைந்துகொண்டுதான் வந்தது, ஆனால் இன்னும் ஆறவில்லை. பெரியப்பா சீட்டைப் பார்த்தார். பேன்ட்டைப் பார்த்தார். மேசைக்கு முன்னால், முப்பத்தொரு வருடம் அவர் வலது காலை ஊன்றி ஊன்றித் தேய்ந்து பளபளத்த தரையின் ஒரு துண்டைப் பார்த்தார். மூன்றாவது பட்டையிலிருந்து கையை எடுத்தார்.

பெரியம்மா வருவதற்குள் வரவேற்பாளர் வந்துவிட்டார். பெரியப்பா உட்கார்ந்தபடியே கையை நீட்டி பேன்ட்டை எடுத்துக் கொடுத்தார். அவர் பிரித்துப் பார்க்காமல் போகிற ஆளா?

"மடிப்பு, இதுல ரெண்டு கோடு இருக்கே!"

"இருக்கு."

"இது வரைக்கும் இப்படி வந்ததே இல்லையே?"

"இல்லதான். ஒரு கோடு உங்களுக்கு. இன்னொண்ணு என் காலுக்கு. இந்த ஒரு தடவை வாங்கிக்குங்க."

வரவேற்பாளர் பேன்ட்டையும் பூட் போட்ட காலையும் மாறி மாறிப் பார்த்தார். "மேசைக்குப் பின்னாலதான் நிக்கப் போறேன், யாரு பாக்கப் போறா" என்று முணுமுணுத்துக்கொண்டு கிளம்பினார்.

பெரியம்மா பாட்டிலோடு வந்தார். பேன்ட் இல்லை. இரண்டு பட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"இது ஏன் திறந்திருக்கு?"

"காத்து வாங்கட்டும்னு."

"ரெண்டு பட்டை மட்டுமா?"

"மூணாவதுக்கு வேர்க்கலையாம்."

பெரியம்மா குனிந்து இரண்டையும் இழுத்து ஒட்டினார். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கி ஒட்டினார்.

புதிய மெத்தை வந்தது. குழி அதே இடத்தில், மேடு அதே இடத்தில். செய்தவர் இந்த முறை வாய் வார்த்தையை நம்பவில்லை. மெத்தையின் அடியில் மையால் ஓர் இஸ்திரிப் பெட்டியின் படம் போட்டு, அதன் குறுக்கே பெரிதாக இரண்டு கோடுகள் அடித்திருந்தார். துணிகளின் உள்பக்கச் சீட்டில், தேய்க்கக் கூடாது என்பதற்குப் போடுகிற அதே அடையாளம். நர்ஸ் அதைத் திருப்பிக் காட்டியபோது பெரியப்பா நெடுநேரம் பார்த்தார்.

"இது புரியுது" என்றார். "முதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா?"

இப்போது மறுபடி நின்றுதான் தேய்க்கிறார். ஆனால் மணிக்கொரு முறை பெரியம்மா நாற்காலியைக் காலால் தள்ளிவிடுகிறார், உட்காருகிறார். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கைகளை மட்டும் தேய்ப்பார். உட்கார்ந்து தேய்ப்பவர்களைப் பற்றி முன்பு சொன்னதை யாரும் நினைவுபடுத்துவதில்லை, சாவிக்காரரைத் தவிர.

போன வாரம் வரவேற்பாளர் ஒரு மூட்டை துணியோடு வந்தார். "கால் எப்படி இருக்கு மடிப்பு?"

"ஆறி" என்று ஆரம்பித்தார் பெரியப்பா. பெரியம்மா சீட்டு குத்துவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பக்கத்துக் கடையில் சாவி ராவும் சத்தம்கூட நின்றது. பெரியப்பா பெட்டியைத் தூக்கி நிறுத்தினார்.

"...யிருக்கு" என்றார். "நாளைக்குக் காலைல வந்து கேளுங்க."